மூன்றாவது பைட்

குணசேகருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டான், ப்ரோக்ராம் எழுதுவான். துக்கம் வந்தாலும் அதே வைத்தியம்தான். மனைவி மலருக்குத் தொண்டையில் கட்டி, குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் தப்பும் என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கட்டிய கணவன் பக்கத்திலேயே உட்கார்ந்து மனசுக்குள் ஒரு பெட்டியை டிசைன் செய்துகொண்டிருந்தான். கல்நெஞ்சக்காரன் என்று அவசரப்பட்டுத் திட்டிவிடாதீர்கள். சிலருக்கு அழுகை கண்ணில் வரும், சிலருக்கு விரலில் வரும். இவன் இரண்டாவது ரகம்.

பெங்களூர் பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில், எலெக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனியில் அவனுக்கு வேலை. காய்கறிக் கடையில் தக்காளியைத் தட்டில் கொட்டியதும் சிவப்பு எண் ஓடுமே, அந்த எண்ணை ஓடவைக்கிற ப்ரோக்ராமை சி மொழியில் எழுதுகிறவன் அவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எண்களோடு மட்டுமே குடித்தனம். எழுத்துகள் பக்கம் அவன் போனதே இல்லை. தராசுக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது?

மலருக்கு நேர்மாறு. அவளுக்குப் பேச்சுதான் எல்லாம். சிவாஜிநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தாள். ஊசி குத்தியதே தெரியாத அளவுக்கு நோயாளியோடு பேசிவிடுவாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், துணிக்கடையில் பேரம் பேச தக்னி உருது. கோலார் தங்கவயல் குடும்பம், சுரங்கம் மூடியபின் விவேக் நகருக்கு வந்து சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் வாய் மூடியிருப்பவர்களை உடம்பு சரியில்லையா என்றுதான் கேட்பார்கள்.

இவ்வளவு பேசுகிறவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கனமான விஷயத்தை மட்டும் முகம் பார்த்துப் பேசமாட்டாள். காதலித்த காலத்தில் அவள் விவேக் நகரிலும் இவன் பொம்மனஹள்ளி அறையிலும் இருந்துகொண்டு போனிலேயே எல்லாவற்றையும் பேசித் தீர்த்த வழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகும், சண்டை என்றால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஹாலில் இருப்பவனுக்குப் போன் போடுவாள். "ஹலோ, குணசேகர் இருக்காரா?" என்று ஆரம்பிப்பாள். பத்தடி தூரத்தில் இருந்தபடி காதோடு காதாகச் சண்டை போட்டு, காதோடு காதாகச் சமாதானம் ஆகி, அப்புறம்தான் கதவு திறக்கும். குழந்தை பிறக்காது என்று தெரிந்த அன்றும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

ஆகவே அவன் செய்த பெட்டியும் காதுக்குள்தான் பேசியது. ஆபரேஷனுக்கு முந்திய நாட்களில் ஜன்னலுக்கெல்லாம் ஜமுக்காளம் தொங்கவிட்டு, மைக்கை வைத்து, அவளை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லவைத்துப் பதிவு செய்தான். க, கா, கி, கீ என்று நாள் முழுக்கச் சொன்னாள்.

"ஙௌன்னு எந்த வீட்ல யார் பேசறா குணா? அதையெல்லாம் விட்டுடேன்" என்றாள்.

"இருக்கட்டும். எது எப்ப தேவைப்படும்னு தெரியாது. சொல்லு."

"ஙௌ. போதுமா? உன் தலைல கொட்டணும் போல இருக்கு. இதையும் ரெக்கார்டு பண்ணிக்கோ."

பண்ணிக்கொண்டான். அதைப் பெட்டியில் போடவில்லை, தனியாக வைத்திருக்கிறான்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துவாரம் வந்தது, குரல் போனது. சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி ஹால் அலமாரியில் உட்கார்ந்தது. அவள் போனில் தமிழில் தட்டுவாள். தட்டத் தட்ட எழுத்துகள் ப்ளூடூத்தில் பெட்டிக்கு வந்து சேரும். என்டர் தட்டியதும், சேர்ந்ததெல்லாம் வாக்கியமாகி, அவன் வலது காதில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியில் மலரின் குரலில் ஒலிக்கும். ஏற்ற இறக்கம் கிடையாது, படிக்கட்டில் இறங்குகிற மாதிரி தட்டுத் தட்டாக வரும். ஆனாலும் அவள் குரல். அவன் வாயால் பதில் சொல்வான், அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். முதல் நாள் அவள் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அனுப்பினாள்: "ஹலோ, குணசேகர் இருக்காரா?" "இருக்கேன், சொல்லு" என்றான் அவன்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் ஒரே துண்டாகப் போகாது, மூன்று துண்டாகத்தான் போகும். துண்டுக்கு பைட் என்று பெயர். மூன்றும் வந்து சேர்ந்தால்தான் எழுத்து. நடுவில் அந்நியத் துண்டு ஒன்று புகுந்தால் அது எழுத்தே இல்லை, குப்பை. சோதனை நாட்களில் ஒருமுறை அப்படிக் குப்பை வந்தபோது, மலரின் குரல் கிழிபட்டுக் கீச்சென்று அவன் காதில் அலறியது. கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாத்ரூமில் போய் நின்றான். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க அவனுக்குத் தெம்பில்லை. குப்பை என்று தெரிந்தால் அந்த வாக்கியத்தையே முழுசாகக் கொட்டிவிடு, சத்தம் காட்டாதே என்று ப்ரோக்ராமில் ஒரு வரி சேர்த்தான். பிரியத்தில் எழுதிய வரிதான் அது. அவன் எழுதியதிலேயே மோசமான வரியும் அதுதான்.

பெட்டி நன்றாகவே ஓடியது. ஆம்பூரிலிருந்து அக்கா சரசு சமையலுக்கு ஒத்தாசையாக வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகக் காதில் கருவியோடு ஹாலில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வறண்டது.

"உன் பொண்டாட்டி கூப்டா மட்டும் கேக்குது, நான் கூப்டா கேக்கலியா? என் போனையும் அதுல சேத்து வுடு" என்றாள்.

சேர்த்துவிட்டான். அக்கா அனுப்பினால் முன்னால் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். பேசுவதென்னவோ மலரின் குரலிலேயே பேசும். இரண்டு போன் ஆனதால், எது வீட்டில் இருக்கிறது எது வெளியே போயிருக்கிறது என்று பெட்டிக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக, சும்மா இருக்கும் போன் நொடிக்கொரு தரம் ஒரு புள்ளியை அனுப்பி "நான் இருக்கேன்" என்று சொல்லும்படி செய்தான். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று தன்னையே மெச்சிக்கொண்டான்.

அதற்கப்புறம் மலரின் பேச்சு குறைந்தது. காலையில் "டீ" என்பாள். மத்தியானம் "தண்ணி" என்பாள். அவன் எழுந்து ஓடுவான். கொண்டுபோய்க் கொடுத்தால் தம்ளரை வாங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்ப்பாள். எதற்காகவோ காத்திருக்கிற பார்வை. என்ன என்று கேட்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள். உடம்பு நோகிறது போல, மனசும் நோகிறது போல, தானாகச் சொல்லட்டும் என்று அவன் திரும்பி வந்துவிடுவான்.

ஒரு நாள் அவளே எழுந்து வந்து போன் திரையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பெட்டி சரியா வேலை செய்யுதா?" என்று இருந்தது.

இந்த இன்ஜினியர் ஜாதி முழுவதற்கும் ஒரு வியாதி உண்டு. வீட்டில் யாராவது எதையாவது சரியில்லை என்று சொன்னால், சொன்னவரைப் பார்க்கமாட்டார்கள், பொருளைப் பார்ப்பார்கள். அவன் பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தான். "உள்ள போய் ஏதாவது பெருசா அனுப்பிப் பாரு" என்றான். போனாள். அவன் காதில் அவள் குரல் வந்தது: "இது வந்தா நாளைக்கு மழை பெய்யும்னு சொல்லு." அவன் சத்தமாகச் சிரித்து, "நாளைக்கு மழை பெய்யும்! பாத்தியா, நல்லாத்தான் இருக்கு" என்றான்.

சரசு அப்போது காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள், போனையும் எடுத்துக்கொண்டு. அது அவனுக்கு உறைக்கவில்லை. உள்ளறையில் மலர் அந்தப் பதிலை எப்படி வாங்கிக்கொண்டாள் என்பதும் உறைக்கவில்லை. பெட்டியில் கோளாறு இல்லை என்று ஆகிவிட்டது. அப்படியானால் கோளாறு எங்கே என்று அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த பரிசோதனையில் கழுத்தில் புதிதாக ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. மறுபடியும் மருந்து ஏற்ற வேண்டும், கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். ஆபரேஷனுக்குப் பிறகு ஏற்றிய அந்த மருந்தில் மலர் பட்ட பாட்டை இரண்டு பேரும் மறந்திருக்கவில்லை. "பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்லும் அம்மா குணசேகரைத் தனியாகக் கூப்பிட்டு, "உடம்பு அவங்களோடது சார். நீங்க அழுத்தம் கொடுக்காதீங்க. அவங்களா சொல்ற வரைக்கும் பொறுமையா காத்திருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அவன் காத்திருந்தான். சாயங்காலமானால் மலர் உள்ளே போய்க் கதவைச் சாத்துவாள். கனமான விஷயம் வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும். காதுக் கருவியை அழுத்திக்கொண்டு, கம்ப்யூட்டரை வெறித்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஒன்றும் வராது. கதவு திறக்கும், மலர் வெளியே வந்து அவனைப் பார்ப்பாள், கண் சிவந்திருக்கும். பாவம், இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான். கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். அழுத்தம் கொடுக்கக் கூடாது என்று விழுங்கிவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பையோடு வந்து நின்றாள். போனை நீட்டினாள். "அம்மா வீட்டுக்குப் போறேன். ட்ரீட்மெண்ட் வேண்டாம்."

"நிச்சயமாவா மலர்?" என்று மட்டும் கேட்டான். அவள் அவனைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவளது முடிவை மதிக்கிறோம் என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோ பிடித்து, பையைத் தூக்கி வைத்து, விவேக் நகரில் மாமியார் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். அன்றைக்கு அவன் அழுதிருந்தால், வேண்டாம் போகாதே என்று காலைப் பிடித்திருந்தால், கதையே வேறு. மனுஷனுக்கு நாகரிகம் அளவோடு இருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். அவள் மரியாதைக்கு இரண்டு வார்த்தை திரையில் காட்டுவாள், பிறகு டிவி பக்கம் திரும்பிக்கொள்வாள். பெட்டி பொம்மனஹள்ளியிலேயே கிடந்தது. அதை அவன் அணைக்கவில்லை. சரசு சமையலறையிலிருந்து "சாப்பிட வா" என்று அனுப்பினால் மலரின் குரல் வருமே, அதற்காக. அக்காவும் புரிந்துகொண்டு, நேரில் சொல்ல வேண்டியதைக்கூட போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, வீட்டிலிருந்தே வேலை. மத்தியானம் மணி அடித்து, மலரின் குரல் காதில் வந்தது: "கத்திரிக்காய் குழம்பு ஆறிப்போகுது, சீக்கிரம் வந்து சாப்பிட்டுட்டு அப்புறம் கம்ப்யூட்டரைக் கட்டிக்கினு அழு."

சிரித்துக்கொண்டே போய்த் தட்டின் முன் உட்கார்ந்தான். சரசு சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "இப்பல்லாம் எவ்ளோ பெருசா அனுப்புனாலும் சுளுவா வந்துடுதுடா. மலரு இருந்தப்போ பாதி வராது."

அவன் கை சோற்றிலேயே நின்றது. "என்னக்கா சொல்ற?"

"ஆமாடா. பெருசா அனுப்புனா நீ பேசாம குந்திக்கினு இருப்ப. சின்னதா அனுப்புனா வந்துடுவ."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு இன்னா இருக்குது? வரலன்னா இங்கேர்ந்து ஒரு கத்து கத்துவேன், வந்துடுவ. எனக்குத்தான் வாய் இருக்குதே."

சரசு அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ரசம் வேண்டுமா என்றுகூட அடுத்துக் கேட்டாள். அவன் கை கழுவாமல் எழுந்து ஹாலுக்கு ஓடினான்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மலர் இருந்தபோது வராது, இல்லாதபோது வருகிறது என்ற ஒரே சொல்லில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. துண்டு துண்டாக வரும் பைட்டுகளை எழுத்தாக மாற்ற சி மொழியில் ஆயத்தமாகவே ஒரு வசதி உண்டு. எழுத்தின் இரண்டு துண்டு வந்து மூன்றாவது இன்னும் வராவிட்டால், இதுவரை வந்ததை அது ஞாபகத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்த ஞாபகத்துக்கு ஸ்டேட் என்று பெயர். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எழுதுகிறவன்தான் இடம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் வெறுமையாக விட்டால் தவறில்லை, அது தன்னிடம் உள்ள ஓர் ஒளிவிடத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது ஒன்றே ஒன்றுதான், யார் வந்தாலும் அதே இடம். தராசுக்காரன் குணசேகர் எங்கோ கிடைத்த மாதிரி ப்ரோக்ராமைப் பார்த்து வெறுமையாகவே விட்டிருந்தான். ஒருவர் மட்டும் பேசும் வரை அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டாமவர் வந்த அன்றே இரண்டு பேருடைய பாதி எழுத்துகளும் ஒரே இடத்தில் விழ ஆரம்பித்துவிட்டன.

தட்டுகிற எழுத்துகளை போன் இருபது பைட் சேர்ந்ததும் ஒரு தடவையாக ப்ளூடூத்தில் அனுப்பும். கம்ப்யூட்டர் கணக்கில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் கொம்பும்கூடத் தனி எழுத்து. ஆறு எழுத்து முழுசாகப் போய்விடும். ஏழாவது எழுத்தின் இரண்டு துண்டு மட்டும் போய், மூன்றாவது அடுத்த தடவைக்காகக் காத்திருக்கும். மலர் மெதுவாகத் தட்டுகிறவள். அந்த இடைவெளியில் சமையலறையில் சும்மா கிடக்கும் சரசுவின் போன் "நான் இருக்கேன்" என்று தன் புள்ளியை அனுப்பும். அது மலரின் பாதி எழுத்தின் மேல் போய் விழும். குப்பை. வாக்கியம் முழுசும் கொட்டப்படும், சத்தமில்லாமல்.

டீ வந்து சேரும். தண்ணி வந்து சேரும். அதற்கு மேல் நீளமாக எது சொன்னாலும் வராது.

அவன் அக்காவின் போனோடு தன் போனையும் பெட்டியில் சேர்த்தான். தன் போனில் ஒரு சொல்லைத் தட்டினான். என்ன சொல் என்று யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை, விரல் தானாகத் தட்டியது. என்டர் தட்டினான். காதில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினான், வரவில்லை. அக்காவின் போனை அணைத்துவிட்டு அதே சொல்லைத் தட்டினான். உடனே மலரின் குரல் தட்டுத் தட்டாகக் காதுக்குள் சொன்னது: "வலிக்குது."

குணசேகர் நாற்காலியிலேயே மடங்கிப்போனான். எத்தனை நாள் சொன்னாளோ. எத்தனை தடவை சொன்னாளோ. ஹாலில் உட்கார்ந்திருக்கும் புருஷன், தண்ணி என்றால் ஓடி வருகிறவன், வலிக்குது என்றால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் வேறென்ன நினைப்பாள்? யாராக இருந்தாலும் வேறென்ன நினைப்பார்கள்?

திருத்துவதற்கு அதிக வேலை இல்லை. இந்த போனுக்கு இந்த ஞாபகம், அந்த போனுக்கு அந்த ஞாபகம் என்று தனித்தனியாக இடம் கொடுத்தான். சில வரிகள்தான். இரண்டு போனையும் வைத்துச் சோதித்தான், எல்லாம் வந்தது. இவ்வளவு சின்னக் காரியமா என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. பெட்டியை டவலில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். சில்க் போர்டு சிக்னலில் வண்டிகள் அசையாமல் நின்றன. "ஸ்வல்ப பேக ஹோகி சார், ப்ளீஸ்" என்று, கொஞ்சம் சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்தில் கெஞ்சினான். ஆட்டோக்காரர் முன்னால் நிற்கும் லாரியைக் கைகாட்டிவிட்டுப் பாட்டைக் கொஞ்சம் குறைத்தார்.

விவேக் நகரில் வியாழக்கிழமைக் கூட்டம். மாமியார் கிருஷ்ணம்மாள் மகளுக்காகக் குழந்தை இயேசு கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தார். இந்துவாக இருந்தாலும் அவருக்கு வியாழக்கிழமை அங்கே போயாக வேண்டும். மலர்தான் கதவைத் திறந்தாள். கழுத்துத் துவாரத்தை மறைத்த துணிக்கு மேலே முகம் ஒரு பிடியாகச் சுருங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

அவன் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கொட்டினான். "மலர், பெட்டி தப்பு. நான் எழுதுனது தப்பு. அக்கா போனைச் சேத்த நாள்லேருந்து நீ பெருசா சொன்னது எதுவுமே எனக்கு வரல. டீ, தண்ணி மட்டும்தான் வந்துச்சு. நீ பேசவே இல்லன்னு நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். சத்தியமா எனக்குக் கேக்கல மலர்."

அவன் பெட்டியை எடுத்து மேசையில் வைத்து ஒயரைச் செருகினான். கருவியைக் காதில் மாட்டிக்கொண்டான். மலர் போனை எடுத்துக்கொண்டு, மெதுவாக நடந்து, உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் கதவோரம் தரையில் உட்கார்ந்தான்.

"அப்ப நான் கேட்டது எதுவும் உன் காதுல விழலையா?" என்றது அவள் குரல்.

"விழல. என்ன கேட்ட? இப்ப சொல்லு."

வெகுநேரம் எதுவும் வரவில்லை. அவள் தட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், இருந்தாலும் மறுபடி எங்காவது கொட்டிவிட்டதோ என்று பதறினான்.

"அந்த மருந்து இன்னொரு தடவை என்னால முடியாதுன்னு பயமா இருக்கு குணா. ஆனா நீ வான்னு சொன்னா வரேன். ஒரு வார்த்தை சொல்லு போதும்னு கேட்டேன். மூணு நாள் கேட்டேன். மூணாவது நாள், நீ பதில் சொல்லலன்னா உனக்கும் போதும்னு ஆயிடுச்சுன்னு எடுத்துக்கறேன்னு சொன்னேன். கதவைத் திறந்துகிட்டு வந்து பாத்தேன். நீ கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டு இருந்த."

அந்தச் சாயங்காலங்கள் அவனுக்கு ஞாபகம் இருந்தன. எழுந்து கதவைத் தட்டினான். "வா மலர். வான்னு சொல்றேன். இப்பவே சொல்றேன். இன்னிக்கே போலாம், கெளம்பு. நான் கூட இருக்கேன், ஒரு நாள்கூட விட்டுட்டுப் போகமாட்டேன், வா."

தெருவில் பூ விற்கிறவளின் கூவல் கேட்டு ஓய்ந்தது.

"போன வாரம் அம்மா கூட்டிட்டுப் போச்சு. மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. நுரையீரலுக்குப் போயிடுச்சாம். இனிமே வலிக்கு மட்டும்தான் மருந்துன்னு சொல்லிட்டாங்க. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

அவன் கதவில் நெற்றியை வைத்தபடி நின்றான். இல்லை, வேறு டாக்டர், வேறு ஊர், வேலூர் போலாம் என்று வாய் எதையோ சொல்லிக்கொண்டே போனது. சொல்வது தனக்கே கேட்கவில்லை. பெட்டி மட்டும் ஒரு எழுத்தும் தவறாமல் வேலை செய்தது.

"ரெண்டு மாசமா உன்னை வெறுத்துக்கிட்டே இருந்தேன் குணா. வெறுக்கறவனை விட்டுட்டுப் போறது சுலபமா இருந்துச்சு. நான் தயாராயிட்டேன். இப்ப வந்து இதைச் சொல்லிட்ட. இனிமே நான் எப்படிப் போவேன்?"

கதவு தாழ் போடாமல் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனான். அவள் கட்டிலில் உட்கார்ந்து, போனை மடியில் போட்டுவிட்டு, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை, கழுத்துத் துணி மட்டும் மூச்சில் ஏறி இறங்கியது. அவன் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுத சத்தம் தெருவில் கேட்டு, எதிர்வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள்.